எந்த வீடு?

திங்கள்சந்தையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற முதியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்கா, நீ எங்க உள்ளவன்?" ஊர்ப் பேரைச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. "ஊரு கெடக்கட்டும். எந்த வீடு?" வீட்டுப் பேரைச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "அப்பிடிச் சொல்லும். உம்ம பாட்டாவ எனக்கு நல்லாத் தெரியும்லா."

நீ என்று தொடங்கியவர் மூன்றாவது முறை வாய்திறந்தபோது நீர் என்று ஏறிவிட்டார். அந்த இடைவெளியில் நான் செய்தது ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த வீட்டைக் கட்டியவனும் நான் அல்ல, அதில் இப்போது குடியிருப்பவனும் அல்ல. இருந்தாலும் அந்த 'உம்ம' காதில் விழுந்தபோது உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குமரி மாவட்டத்தில் வீடுகளுக்குக் கதவெண் வருவதற்கு வெகு காலம் முன்பே பேர் உண்டு. மேலவீடு, கீழவீடு, புத்தன்வீடு, வலியவீடு. எந்த வீடு என்ற கேள்விக்குள் சாதி, நிலம், கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, பெண் கொடுக்கலாமா கூடாதா எல்லாமே அடங்கிவிடும். திங்கள்சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தலக்குளம். அங்கே ஒரு வலியவீடு இருந்தது. எந்த வீடு என்ற கேள்வியின் முழு எடையையும் சுமந்த வீடு அது. (கறாராகப் பேசினால் தலக்குளம் நாஞ்சில் நாடு அல்ல. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. கல்குளம் தாலுகா வேணாட்டுப் பக்கம். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்லிப் பழகிவிட்டோம்.)

திருவிதாங்கூரின் முதல் மந்திரியாக இருந்த வேலுத்தம்பி தளவாய் பிறந்தது அந்த வலியவீட்டில், 1765-இல். அந்தக் குடும்பத்துக்குச் செண்பகராமன் என்ற பட்டம் உண்டு. திருவிதாங்கூரின் பழைய சரித்திரக்காரர்கள் அந்தப் பட்டமளிப்பை விவரிக்கிறார்கள். பட்டம் பெறுகிறவரை யானைமேல் ஏற்றி, கோட்டைக்குள் நான்கு வீதிகளிலும் மேளதாளத்தோடு சுற்றி அழைத்துவருவார்கள். பிறகு மந்திரிக்குச் சமமாக உட்காரவைத்து வெற்றிலை பாக்குக் கொடுப்பார்கள். இந்த மரியாதையை ஏற்படுத்தியவர் மார்த்தாண்ட வர்மா என்பார்கள். சேவகத்துக்குக் கிடைத்த கூலி அது. முதலில் வேலை, அதன்பிறகே யானை.

ஆனால் அந்த யானை நடந்த வீதிக்கு அடியில் வேறு வீடுகள் புதைந்திருந்தன. மார்த்தாண்ட வர்மா 1729-இல் பட்டத்துக்கு வந்தபோது நாடு அவர் கையில் இல்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பரம்பரைப் பிரபுக்களின் கையில் இருந்தது. மருமக்கள்வழி நாட்டில் அரசனின் மகன் அரசனாக முடியாது. அவன் தம்பி என்ற பட்டத்தோடு நின்றுவிட வேண்டும். முந்தைய அரசரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அப்படி நிற்க மறுத்தார்கள். பிள்ளைமார் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாரைத் தூக்கிலிட்டு, வீடுகளை இடித்து, அந்த இடங்களில் குளம் தோண்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு இடங்களில் நின்றுவிடுவேன். முதலாவது, குற்றம் செய்தவன் தலை போன பிறகும் வீடு ஏன் போக வேண்டும்? இரண்டாவது, மீனவர் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதை ஒரு தண்டனையாக நினைக்க முடிந்த நாடு எப்படிப்பட்ட நாடு? அந்தத் தண்டனையை அனுபவித்தவர்களுக்கு இழைத்த அநீதி பெரியது. அதைத் தண்டனை என்று கேட்டுக்கொண்டிருந்த கடற்கரைக்காரர்களுக்கு இழைத்த அநீதி அதைவிடச் சின்னது அல்ல. சரித்திரக்காரர்கள் முதலாவதை மட்டும் குறித்துவைத்தார்கள்.

கொல்லப்பட்ட தம்பிமார் கதை வில்லுப்பாட்டாகி எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் பாடப்பட்டது. வென்றவருக்குக் கோட்டையும் கொட்டாரமும் கிடைத்தன, தோற்றவருக்குப் பாட்டு கிடைத்தது. யாருக்கு நல்ல பங்கு என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

மார்த்தாண்ட வர்மா காலத்திலேயே வம்சம் எதுவும் இல்லாமல் மேலே வந்த ஒருவருடைய கல்லறை புலியூர்குறிச்சிக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களுக்காகச் சண்டையிட்டுத் தோற்றுப் பிடிபட்ட டிலனாய். கைதியாக வந்தவர், திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தான் ஆனார். 1777-இல் இறக்கும்வரை 36 ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அவரிடம் எந்த வீடு என்று யாரும் கேட்டிருக்க முடியாது. கேட்டாலும் பதில் புரிந்திருக்காது.

பழைய பிரபுக்களை ஒடுக்கி, சேவகத்துக்குப் பட்டம் என்று மாற்றியது திருவிதாங்கூர் மட்டுமல்ல. அதே நூற்றாண்டில் ரஷ்யாவில் மகா பீட்டர் 1722-இல் 14 படிகள் கொண்ட ஒரு பதவி அட்டவணை போட்டார். சிவில் உத்தியோகத்தில் எட்டாம் படியை எட்டிவிட்டால் பரம்பரைப் பிரபு. வம்சத்துக்காக வேலை என்பது போய், வேலைக்காக வம்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வேலை என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த டால்ஸ்டாய் குடும்பத்துக்கு 'கவுண்ட்' பட்டம் வந்த கதையைப் பார்க்கலாம். பீட்டரின் மகன் அலெக்ஸி அப்பாவுக்குப் பயந்து வெளிநாட்டுக்கு ஓடிப்போனான். நேப்பிள்ஸில் ஒளிந்திருந்தவனை நயமாகப் பேசி ரஷ்யாவுக்குத் திரும்பக் கூட்டிவந்தவர் பியோத்தர் டால்ஸ்டாய். 1718-இல் அலெக்ஸி கோட்டைச் சிறையில் சித்திரவதைப்பட்டு இறந்தான். 1724-இல் பியோத்தர் டால்ஸ்டாய் கவுண்ட் ஆனார்.

மூன்றே வருடம். பீட்டர் இறந்தபின் அரண்மனைச் சதியில் தோற்று, 1727-இல் பட்டம் பறிபோய், மகனோடு சேர்த்து வெண்கடல் தீவில் இருந்த சொலோவெத்ஸ்கி மடத்துச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1729-இல் அங்கேயே செத்தார். மகன் என்ன தப்புச் செய்தான்? அப்பனுக்கு மகனாகப் பிறந்தான். 1760-இல் பட்டம் மறுபடியும் குடும்பத்துக்குத் திரும்பியது. பேரப்பிள்ளைகள் என்ன நல்லது செய்தார்கள்? அதுவும் அதேதான். அந்த வம்சத்தில் பிறந்த லியோ டால்ஸ்டாய் கடைசிக் காலத்தில் பட்டமும் பண்ணையும் தன்மேல் பாரமாகக் கிடப்பதாக உணர்ந்தார். 1910-இல் 82 வயதில் ஒருநாள் விடியுமுன் வீட்டைவிட்டு வெளியேறி, ஒரு சிறிய ரயில்வே நிலையத்தில் உயிரைவிட்டார். அது தெளிவா தடுமாற்றமா என்று அறிஞர்கள் பேசட்டும். வீட்டுப் பேரின் சுகம் எது, கனம் எது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் எனக்குப் போதும்.

தலக்குளத்துக்குத் திரும்பலாம்.

பாலராம வர்மா 1798-இல் பட்டத்துக்கு வந்தார். வயது பதினாறுதான். ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் என்று மூன்று பேர் அரசாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கஜானா காலி. கையில் காசுள்ளவர்களின் பட்டியல் போட்டு, ஆளுக்கு இவ்வளவு கட்டு என்று உத்தரவு போட்டார்கள். வேலுத்தம்பியையும் கூப்பிட்டுத் தொகை சொன்னார்கள். மூன்று நாள் தவணை கேட்டுவிட்டு ஊருக்கு வந்தவர், பணத்துக்குப் பதிலாக ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கோட்டை வாசலுக்குப் போனார். ராஜா பணிந்தார். மூவரையும் நீக்கினார். இது 1799. கையில் பட்டமும் வீட்டில் நெல்லும் உள்ள ஒருவர் ஊருக்காகத் தெருவில் இறங்கினார் என்பது சின்ன விஷயம் அல்ல. தன் வீட்டுக்கு மட்டும் தொகையைக் குறைத்துக் கேட்டு வந்திருக்கலாம்.

அடுத்த சில வருடங்களில் தளவாய் ஆனார். ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார். லஞ்சமும் பொய்க்கணக்கும் நடுங்கின. நடுங்கக் காரணம் இருந்தது: கணக்கைத் திருத்திய கணக்கனுக்குக் கட்டைவிரல் போய்விடும். 1804-இல் படிகளைக் குறைத்ததால் நாயர் படை அவருக்கு எதிராகவே கிளம்பியது. அவர் ஆங்கிலேய ரெசிடென்ட் மெக்காலேயிடம் போனார். கிழக்கிந்தியக் கும்பினிப் படை வந்து கலகத்தை அடக்கியது. பிடிபட்டவர்களில் ஒருவரை யானைகளின் காலில் கட்டிக் கிழித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. 1805-இல் புதிய உடன்படிக்கை. வருடத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம். பின்னால் அந்தக் கப்பப் பாக்கியால்தான் அவருக்கும் மெக்காலேக்கும் பகை முற்றியது. ஆங்கிலேயரை எதிர்த்து உயிரைவிட்டவரும், அவர்களை உள்ளே கூட்டிவந்தவர்களில் ஒருவரும் ஒரே ஆள். சிலை வைக்கிறவர்களுக்கு இது பிடிக்காது.

1808 கடைசியில் போர். ஆலப்புழையில் கரைக்கு வந்து மாட்டிக்கொண்ட ஹியூம் என்ற ஆங்கில மருத்துவரும் முப்பதுக்கு மேற்பட்ட சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். கையைக் கட்டியபிறகு. 1809 ஜனவரி 11-இல் குண்டறையில் வேலுத்தம்பி ஜனங்களைப் போருக்கு அழைத்த விளம்பரம் புகழ்பெற்றது. பிப்ரவரி 10-இல் ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து கும்பினிப் படை வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பில்லாமல் கைமாறின. ராஜா பழியை எல்லாம் தளவாய் மேல் போட்டு அவரைப் பிடிக்க ஆள் அனுப்பினார். மண்ணடி பகவதி கோயிலில் சுற்றி வளைத்தார்கள். பிடிகொடுக்க மனமில்லாமல் அங்கேயே உயிரை முடித்துக்கொண்டார்.

உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய், கண்ணம்மூலையில் கழுமரத்தில் தொங்கவிட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். சகோதரர் பத்மநாபன் தம்பியைக் கொல்லத்தில் தூக்கிலிட்டார்கள். அதோடும் நிற்கவில்லை. புதிய திவான் உம்மிணித்தம்பி. தலக்குளத்து வலியவீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள் என்று 1878-இல் வந்த திருவிதாங்கூர்ச் சரித்திரத்தில் சங்குண்ணி மேனன் எழுதுகிறார். சொந்தக்காரர்களைக் கப்பலில் ஏற்றி மாலத்தீவுக்கு நாடுகடத்தினார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் தூத்துக்குடியில் ஒதுங்கியது. இறங்கியவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள், சிலர் சிறையில் செத்தார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. செத்தவன் உடல்மேல் பழிதீர்த்தது நாகரிகமுள்ள அரசுக்குத் தகாத செயல் என்று கண்டித்தவர் கும்பினியின் கவர்னர் ஜெனரல் மின்டோ. தோற்கடித்த எதிரிக்குக் கூசியது. பிறந்த நாட்டுக்குக் கூசவில்லை. உம்மிணித்தம்பியும் 1811-இல் பதவி இழந்து, பிறகு நாடுகடத்தப்பட்டார் என்பதைத் தெய்வத்தின் தீர்ப்பாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அரண்மனையில் அது வழக்கம், அவ்வளவே.

ஆமணக்கு. ஏன் ஆமணக்கு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பாழிடத்தில் தானாக முளைக்கும் செடி அது. விளக்கெண்ணெய்க்கு ஆகும், நிழலுக்கு ஆகாது, தூணுக்கு ஆகாது. வீட்டை இடித்தால் மட்டும் போதாது, அங்கே வீடு இருந்தது என்ற நினைப்பையும் ஒரு அற்பச் செடி மூட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள். பிள்ளைமார் வீட்டில் குளம், தம்பி வீட்டில் ஆமணக்கு.

இந்தக் கொடுமையைப் படித்து நமக்குக் கோபம் வருகிறது. மாலத்தீவுக் கப்பலில் ஏற்றப்பட்ட கிழவிக்கும் குழந்தைக்கும் குண்டறை விளம்பரத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கிறோம். சரியான கேள்வி. ஆனால் அதே கேள்வியைத் திங்கள்சந்தையில் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என் பாட்டாவின் காரியங்களோடு எனக்கு என்ன சம்பந்தம்? அந்த 'உம்ம'வை நான் சும்மா வாங்கிக்கொண்டேனே? உம்மிணித்தம்பி புதிதாக எந்த நியாயத்தையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டின் பேரால் யானை ஏறலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்த நாட்டில், வீட்டின் பேரால் கப்பலும் ஏற்றலாம் என்று அவர் கணக்கை முடித்தார். வரவுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பற்றுப் பக்கத்தில் போட மறுக்க முடியுமா? வீட்டுப் பேர் சொல்லி ஒருவனைத் தாழ்த்துவது பாவம் என்றால், வீட்டுப் பேர் சொல்லி நான் உயர்வதும் அந்தப் பாவத்தின் மறுபாதி.

அப்படியானால் முன்னோரை மறந்துவிடவா? அதுவும் முடியாது. வேலுத்தம்பியின் வாள் கிளிமானூர்க் கொட்டாரத்தில் ஒன்றரை நூற்றாண்டு பத்திரமாக இருந்தது. 1957-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தார்கள். 2010-இல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அந்த வருடம் தபால்தலையும் வந்தது. நல்லதுதான். ஆனால் வாளை வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் கட்டைவிரல்களுக்கு இடம் இல்லை. ஹியூமுக்கும் இல்லை. முன்னோரை நினைப்பது என்றால் முழுசாக நினைக்க வேண்டும். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்கு நினைவு என்று பேரில்லை, நகை என்று பேர். அது அணிந்துகொள்ளத்தான் ஆகும்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லும்முன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அம்மாவழி வீட்டைப் பங்கு வைத்தபோது மச்சில் கிடந்த மரப்பெட்டியில் பழைய நெல் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. பாட்டாவின் அழகான கையெழுத்து. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவுக்கும் கண்டுமுதல் தனித்தனியாக. எங்கள் வயல்கள் ஒவ்வொன்றுக்கும் பேர் இருந்தது. காளைகளுக்குப் பேர் இருந்தது. அறுத்தவர்களுக்கும் நட்டவர்களுக்கும் கூலி எழுதிய பக்கத்தில் 'ஆள் 14', 'பெண் 22' என்று எண் மட்டும் இருந்தது. பாட்டா கெட்டவர் அல்ல. கோட்டைக் கணக்கில் நெல் அளந்து தானம் செய்தவர். திங்கள்சந்தை முதியவர் அவரை நினைத்துத் துண்டைச் சரிசெய்தது பொய் மரியாதை அல்ல. இருந்தாலும் எங்கள் வீட்டுக்குப் பேர் வரும்படி நட்டவர்களின் பேர் அந்த நோட்டில் இல்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். நோட்டு அதற்கு ரொம்பப் பின்னால் உள்ளது. பழக்கம் சட்டத்தைவிட மெதுவாகச் சாகும். நோட்டுகளை என்ன செய்வது என்று குடும்பத்தில் பேச்சு வந்தபோது, பாட்டாவின் கையெழுத்துள்ள முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார்கள். நான் கூலிப் பக்கத்தையும் சேர்த்து மாட்டலாம் என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் எந்தப் பக்கமும் மாட்டப்படாமல் போயிற்று.

மண்ணடியில் வேலுத்தம்பி இறந்தது 1809. அதே 1809-இல் தலக்குளத்துக்குக் கிழக்கே, இன்று சாமித்தோப்பு என்று சொல்லும் இடத்தில், ஒரு எளிய நாடார் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். மேல்சாதிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. முடி என்ற சொல் உங்கள் வீட்டுக்கு எதற்கு என்றார்களாம். பேர் முத்துக்குட்டி ஆனது. ஒரு வீட்டின் பேரை ஆமணக்கு நட்டு அழித்துக்கொண்டிருந்த நாடு, இன்னொரு வீட்டில் பிறந்த குழந்தையின் பேரைத் தொட்டிலிலேயே வெட்டியது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் அய்யா வைகுண்டர். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது, விடுதலையாகி வந்தார், 1851-இல் மறைந்தார். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதிருந்த ஆண்களை, தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். கும்பிடும் இடத்தில் சிலை கிடையாது. கண்ணாடி வைத்தார்.

சாமித்தோப்பு பதிக்கு முதல்முறை போனபோது இது எல்லாம் புத்தகத்தில் படித்தவனாகத்தான் போனேன். சட்டையைக் கழற்றினேன். துண்டை எடுத்துத் தலையில் சுற்றினேன். எனக்குக் கட்டத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் துண்டு தோளுக்கானது. இரண்டு தடவை அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற பையன், பதினைந்து வயசு இருக்கும், சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, கொஞ்சம் குனியுங்க" என்றான். குனிந்தேன். துண்டை உதறி, மடித்து, நெற்றியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். இறுக்கம் சரியா என்று கேட்டான். சரி என்றேன். உள்ளே இரண்டு விளக்குகளுக்கு நடுவே கண்ணாடி இருந்தது.